செவியும் சுழியும்: தமிழகத்தில் குதிரை பேணிய வரலாறு

குதிரை தமிழ் மண்ணில் தோன்றிய விலங்கு அன்று. யானையைப் போல மலைக்காட்டிலிருந்து இறங்கி வந்ததும் அன்று. காளையைப் போல உழவனின் தொழுவத்தில் பிறந்து வளர்ந்ததும் அன்று. கடல் கடந்தும், வடபுலத்து நெடுவழி நடந்தும் அது இங்கு வந்து சேர்ந்தது. ஆயினும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழரின் போரிலும் பாட்டிலும் வழிபாட்டிலும் அதற்கு நீங்காத இடம் இருந்து வருகிறது.

சங்கரன்கோவில் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிவகிரி போன்ற ஊர்களில் இன்று குதிரையை நேரில் காண்பது அரிது. ஆனால் அதன் சுவடுகள் அழியவில்லை. கோயில் திருவிழாவில் குதிரை வாகனம் புறப்படுகிறது. சாஸ்தா, அய்யனார் கோயில்களில் சுடுமண் புரவிகள் வரிசையாக நிற்கின்றன. நெல்லைச் சீமையில் ‘காணம்’ என்று வழங்கப்படும் கொள்ளுக்கு ஆங்கிலேயர் குதிரையின் பெயரையே சேர்த்து வைத்தனர். குதிரை போய்விட்டது, அதன் தீனியும் சிலையும் வாகனமும் நின்றுவிட்டன.

இத்துணைப் பெருமை பெற்ற விலங்கைத் தமிழகம் எவ்வாறு பேணியது என்ற வினா அதிகம் எழுப்பப்பட்டதில்லை. எத்தனை குதிரைகள் வந்தன, என்ன விலைக்கு வந்தன, எந்தப் போரில் எத்தனை நின்றன என்பனவே வரலாற்று நூல்களில் மிகுதியாக உள்ளன. வந்த குதிரை என்ன தின்றது, எங்கே நின்றது, அதன் நோவை யார் அறிந்தார் என்பதைத் துருவிப் பார்த்தால் வேறொரு வரலாறு விரிகிறது. உடல், உள்ளம், சூழல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கி விலங்கைப் பேணும் முறையை இன்று முழுமைப் பேணல் என்கின்றனர். அந்நோக்கின் விதை தமிழில் முதலில் முளைத்த இடம் அரசனின் லாயம் அன்று, புலவனின் பாட்டு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் செய்தி.

பாட்டில் நின்ற புரவி

சங்கப் பாடல்களில் குதிரைக்கு வழங்கும் பெயர்கள் பல. மா, பரி, புரவி, இவுளி, கலிமா, பாய்மா என அவை நீளும். காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் கூறும் பட்டினப்பாலை, கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளையும் அந்நகரின் செல்வங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. வணிகப் பொருளாக வந்த குதிரை பாட்டுக்குள் நுழைந்ததும் பொருளாக நிற்கவில்லை, உயிராகிவிடுகிறது.

மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. வல்வில் ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. ஏறுபவனும் ஏறப்படுவதும் ஒரே பெயரால் அறியப்பட்டமையைச் சிறுபாணாற்றுப்படை பதிவு செய்திருக்கிறது. இருவருக்கும் இடையே நிகழ்ந்த போரைக் குறிக்கும்போது புலவர் நத்தத்தனார் குதிரைகளையும் சேர்த்தே நினைக்கிறார். புறத்திணையில் ‘குதிரை மறம்’ என்ற துறையே உண்டு. புறநானூற்றின் 273ஆம் பாடலில், போருக்குச் சென்ற பிறருடைய குதிரைகள் எல்லாம் திரும்பிவிட, தன் கணவன் ஏறிச் சென்ற குதிரை மட்டும் வராமை கண்டு ஒருத்தி கலங்குகிறாள். கணவன் வரவில்லை என்று அவள் சொல்வதில்லை. குதிரை வரவில்லை என்றே சொல்கிறாள். இரண்டும் ஒன்றாகிவிட்ட மனநிலை அது.

அகப்பாடல்களில் வினைமுடித்துத் திரும்பும் தலைவன் தேர்ப்பாகனிடம் பேசுவது ஒரு மரபு. குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்றின் 4ஆம் பாடலில், பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் மணியோசைக்கு அஞ்சும் என்று கருதித் தேர்மணிகளின் நாவைக் கட்டி ஓட்டி வருகிறான் தலைவன். வண்டுக்கு ஓசை துன்பம் தரும் என்றறிந்தவன் குதிரையின் செவிக்கு எது துன்பம் என்பதையும் அறிந்திருப்பான் என்று கொள்வதில் தவறில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குறிப்பிடத்தக்கது, காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான இது 103 அடிகளே கொண்டது. பாசறையின் நடுவே அரசன் உறக்கமின்றி இருக்கிறான். வெளியே யவனர் காவல் நிற்கின்றனர். அவர்கள் இடையில் குதிரை ஓட்டும் சம்மட்டி வளைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. பாசறைத் தெருக்கள் கூடும் முற்றத்தில் யானை கரும்பையும் நெற்கதிரையும் உண்ண மறுத்து நிற்க, இளம்பாகர் அதற்குப் பழகிய வடமொழிச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி உண்ணச் செய்கின்றனர். விலங்கோடு பேசுவதற்கென ஒரு மொழி இருந்தமைக்கு இஃது அரிய சான்று.

அரசனின் உறக்கத்தைக் கெடுத்தது வெற்றியா தோல்வியா என்ற கவலை மட்டும் அன்று. முதல்நாட் போரில் புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்தவன், அம்பு தைத்து வருந்தும் குதிரைகளையும் நினைக்கிறான். அக்குதிரைகள் எப்படி இருந்தன என்று புலவர் கூறும் இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. அவை கனைத்தன என்றோ, கண்ணீர் விட்டன என்றோ, தரையில் புரண்டன என்றோ அவர் பாடவில்லை. செவியைச் சாய்த்தன, தீனி தின்னவில்லை என்கிறார். அவ்வளவே.

குதிரை தன் நோவை உரக்கச் சொல்லும் விலங்கு அன்று. திறந்த வெளியில் மேய்ந்து வாழ்ந்த இனம் அது. வலியை வெளிப்படுத்தினால் வேட்டை விலங்குக்கு இரையாகும். ஆகவே அதன் துன்பம் சிறு குறிகளாகவே வெளிப்படும். செவியின் நிலையும் தீனியில் விருப்பமின்மையும் அவற்றுள் தலையானவை. 2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய விலங்கியல் அறிஞர்கள் குதிரையின் முகத்தைக் கொண்டு அதன் வலியை மதிப்பிடும் அளவுமுறை ஒன்றை வெளியிட்டனர். விறைத்துப் பின்சாய்ந்த செவியை முதற்குறியாகவும், சுருங்கிய கண்ணிமை, இறுகிய தாடை முதலானவற்றை ஏனைய குறிகளாகவும் அவர்கள் வகுத்தனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த மற்றொரு ஆய்வு, குதிரையின் முகத்தில் 17 வகை அசைவுகள் உள்ளன என்று கணக்கிட்டது. இக்கருவிகள் ஏதுமின்றிப் பாசறைக் குதிரையின் செவியைப் பார்த்துவிட்டார் பொன்வாணிகனின் மகன். குதிரைக்காரன் அருகே நின்று பார்த்தாலன்றி இக்குறி புலப்படாது.

கப்பலில் வந்தவை, லாயத்தில் மாண்டவை

பாட்டிலிருந்து அங்காடிக்கு வந்தால் காட்சி மாறுகிறது. சோழர் காலத்தில் குதிரை வாணிகம் பெருகியது. மலைநாட்டுக் குதிரைச் செட்டிகள் கோயில்களுக்கு அளித்த கொடைகள் கல்வெட்டுகளில் இடம்பெற்றுள்ளன. தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டுகள் குதிரைச் சேவகர் படைகளைக் குறிப்பிடுகின்றன. விற்றவர் பெயரும் ஏறியவர் பெயரும் கல்லில் ஏறின. புல்லறுத்தவர், தேய்த்து விட்டவர், குளம்பு பார்த்தவர் பெயர்களுக்கு அத்தகைய இடம் வாய்க்கவில்லை.

பிற்காலப் பாண்டியர் ஆட்சியில் இவ்வாணிகம் உச்சத்தை எட்டியது. சிவகிரி அடங்கிய தென்பாண்டிச் சீமைக்குக் கடல்வாயிலாக விளங்கியது தாமிரபரணியின் கழிமுகத்திலிருந்த காயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, ஓர்மசு, கீசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் காயலைத் தொட்டதாக எழுதினார். பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர் என்றும், ஒவ்வொன்றின் விலையும் 100 மார்க்கு வெள்ளிக்கு மேற்பட்டது என்றும் அவர் குறித்தார். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது அவர் தரும் துயரச் செய்தி. பேணும் முறை அறியாமையே காரணம் என்கிறார். குதிரை மருத்துவரை இந்நாட்டுக்கு வரவிடாமல் வணிகர்களே தடுத்தனர் என்றும் சேர்த்து எழுதுகிறார். குதிரை மாண்டால்தானே மறு ஆண்டும் விற்கலாம்!

பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே வாணிகத்தைப் பற்றி எழுதினார். கீசுத் தீவின் வணிகத் தலைவர் ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு செய்திருந்தார் என்றும், பிற துறைமுகங்களையும் சேர்த்து 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் அவர் கணக்குத் தருகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்கிறார். வந்தவற்றை முளையில் இறுக்கிக் கட்டி நாற்பது நாள் அசையவிடாமல் நிறுத்தினர், வறுத்த தானியத்தையும் நெய்யூட்டிய தீனியையும் காய்ச்சிய பசுவின் பாலையும் கொடுத்துக் கொழுக்க வைத்தனர், பின்னர் முறையான பயிற்சியின்றி ஏறி ஓட்டினர், சில நாளில் வலிமிக்க குதிரைகளும் தளர்ந்து பயனற்றுப் போயின என்பது அவர் கூற்று.

இச்சான்றுகளை அப்படியே ஏற்பதற்கில்லை. வசாஃப் இந்நாட்டை நேரிற் கண்டவர் அல்லர். வணிகர் வாய்மொழியைக் கேட்டு எழுதியவர். மார்க்கோ போலோவின் எண்களிலும் மிகை இருக்கலாம். தட்பவெப்பமும் நோயும் குதிரைச் சாவுக்குப் பெருங்காரணங்கள். ஈக்கடியால் பரவும் ‘சர்ரா’ என்னும் நோயின் கிருமியைக் கிரிஃபித் எவன்சு பஞ்சாபில் கண்டறிந்தது 1880இல்தான். அதற்கு முன் எந்த நாட்டு மருத்துவனும் அதன் மூலத்தை அறிந்திருக்க இயலாது. பயணிகளின் பழிச்சொல்லில் பாதியை இக்காரணங்களின் கணக்கில் எழுதிவிடலாம்.

எஞ்சிய பாதி சிந்தனைக்குரியது. பாலும் நெய்யும் வறுத்த தானியமும் வெறுப்பினால் கொடுக்கப்பட்டவை அல்ல. தெய்வத்துக்கும் விருந்தினருக்கும் மக்களுக்கும் எது உயர்ந்த உணவோ அதையே விலைமதிப்பற்ற விலங்குக்கும் கொடுத்தனர். அன்பு இருந்தது, அறிவு அதனுடன் சேரவில்லை. குதிரையின் இரைப்பை அதன் உடலோடு ஒப்பிடச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரையே கொள்ளும். நாளில் பதினாறு மணி நேரம் வரை சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கென அமைந்த வயிறு அது. தின்றதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. மாவுப் பொருள் மிகுந்தால் அது பெருங்குடலில் புளித்து வயிற்று நோவை உண்டாக்கும். குளம்பினுள் அழற்சி தோன்றி நிற்கவும் முடியாமற் செய்யும். நடந்தால்தான் குளம்பு விரிந்து சுருங்கிக் காலில் குருதியோட்டம் செம்மைப்படும். நாற்பது நாள் முளைக்கட்டும் நெய்த்தீனியும் சேர்ந்தால் அரபு நாட்டுக் குதிரை எப்படித் தாங்கும்? மேலும் குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தன்னினத்தைக் காணாமல், அசைய இடமின்றி நிறுத்தப்பட்டால் உடல் நலிவதற்கு முன்னரே உள்ளம் நலியும்.

விசயநகரக் காலத்தில் இம்மனப்பான்மை இன்னும் வெளிப்படையாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய போர்த்துகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிசு, சாளுவ நரசிம்மர் உயிருள்ளவை, மாண்டவை என்ற வேறுபாடின்றிக் குதிரைகளை வாங்கினார் என்கிறார். மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவு விலை. கடலில் இறந்துபோன குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் உயிருள்ள குதிரைக்குரிய விலை தரப்பட்டதாம். பகைவர் கைக்குக் குதிரை போய்ச் சேராமலிருக்க வணிகரைத் தன்பக்கம் ஈர்க்கும் அரசியல் சூழ்ச்சி அதில் உண்டு. எனினும் குதிரையின் இடத்தில் அதன் வால் நின்ற காட்சி, செவியைப் பார்த்த காலத்திலிருந்து நாடு எவ்வளவு விலகி வந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது.

நூல்களில் எழுதிய குதிரை

நாட்டில் குதிரை நூலே இல்லையோ என்ற ஐயம் எழலாம். நூல்கள் இருந்தன. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழிக் குதிரை மருத்துவ மரபு பாரசீகம் வரை பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் குதிரைத் தலைவனின் கடமைகளுக்கென ஓர் இயலையே ஒதுக்கியுள்ளது. லாயத்தில் குதிரை புரண்டு எழுவதற்கு இடம் வேண்டும்; குரங்கு, மயில், கிளி முதலியன உடனிருக்க வேண்டும்; ஈன்ற குதிரைக்கு மூன்று நாள் நெய் தரவேண்டும்; பருவத்துக்கேற்ப உணவை மாற்ற வேண்டும்; உடல் மெலிவையும் பெருக்கத்தையும் மருத்துவர் கவனித்துச் சீராக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. புரண்டு எழும் இடமும் உடன்வாழும் உயிர்களும் மருந்தைப் போலவே இன்றியமையாதவை என்று கண்ட நோக்கு முழுமையானது. கிரேக்க நாட்டிலும் கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனபோன், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்றும், வற்புறுத்திச் செய்விக்கும் செயலில் அழகு இராது என்றும் தம் குதிரையேற்ற நூலில் எழுதினார்.

நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் ஓவியங்களுடன் பதிப்பித்தது. தமிழில் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், நரி பரியாக்கிய திருவிளையாடலில், குதிரை வணிகராக வந்த இறைவனின் வாயிலாகவே குதிரை இலக்கணம் பேசப்படுகிறது. திருவாதவூரர் குதிரை வாங்கக் கொண்டு சென்ற பாண்டியன் பொருள் திருப்பெருந்துறைத் திருப்பணியில் செலவானதும், நரிகள் பரிகளாகி வந்து இரவில் மீண்டும் நரிகளாகிப் போனதும் தமிழர் அனைவரும் அறிந்த கதை. பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகள் விடியுமுன் இல்லாமற் போயின என்ற அக்கதைப் பகுதியை மார்க்கோ போலோவின் செய்தியோடு வைத்துப் படித்தால், பாண்டிய நாட்டு லாயங்களின் உண்மை நிலை புராணத்திலும் நிழலாடுகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்நூல்களில் ஒரு சிக்கல் உண்டு. குதிரை இலக்கணத்தின் பெரும்பகுதி சுழி பற்றியது. நெற்றியில், கழுத்தில், மார்பில் மயிர் எவ்வாறு சுழித்திருந்தால் உடையவனுக்கு நலம், எவ்வாறு இருந்தால் கேடு என்று நூல்கள் விரித்துரைக்கின்றன. வாங்குபவன் சுழி பார்ப்பது பின்னாளில் சந்தை வழக்காகவே நிலைத்துவிட்டது. சுழி என்பது குதிரையின் மேனியில் எழுதப்பட்ட மனிதனின் தலையெழுத்து. அது குதிரையைப் பற்றி ஏதும் சொல்வதில்லை. செவியோ குதிரை தானே எழுதும் எழுத்து. நாழிகைக்கு நாழிகை மாறுவது. சுழியை ஒருமுறை பார்த்தால் போதும். செவியை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். தமிழகத்துக் குதிரை வரலாற்றைச் சுழி பார்த்தவர், செவி பார்த்தவர் என்ற இரு மரபுகளின் வரலாறாகக் கூறிவிடலாம். முதல் மரபு ஏட்டில் நிலைத்தது. இரண்டாவது மரபு குதிரைக்காரரின் கையோடும் கண்ணோடும் மறைந்தது.

சிற்பத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். திருவரங்கத்துச் சேசராயர் மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் முன்னங்கால் தூக்கி எழும்பி நிற்கின்றன. மதுரை ஆயிரங்கால் மண்டபத்து வாயிலில் அரியநாத முதலியார் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். வீரத்தின் வடிவங்களாகிய இவை கண்ணைக் கவர்வன. ஆனால் ஓய்ந்து நிற்கும் குதிரைக்கு, உண்ணாமல் வருந்தும் குதிரைக்குத் தூணில் இடமில்லை. அதற்கு முல்லைப்பாட்டிலேதான் இடம் கிடைத்தது.

பாளையத்துக் காடும் வண்டிப்பட்டையும்

மதுரை நாயக்கர் காலத்தில் அமைந்த பாளையங்களுள் ஒன்று சிவகிரி. மலையடிவாரத்து அடர்காடே அதற்குக் கோட்டை. 1783இல் கும்பினியின் தளபதி கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய பின் சிவகிரிமேல் படை நடத்தினார். பாளையக்காரர் காட்டுக்குள் ஒதுங்கி நின்று போரிட்டனர். கும்பினிப் படை, இடைவிடாத தாக்குதலுக்கு நடுவே, மரங்களை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டுதான் உள்ளே செல்ல முடிந்தது. இத்தகைய காட்டுப் போரில் குதிரைக்கு வேலை குறைவு. வேலும் வாளும் ஏந்திய காலாட்களே பாளையத்தின் வலிமை. வெட்டவெளியில் மட்டுமே விரையத் தெரிந்த விலங்கு இம்மலையடிவாரத்தில் போர்க்கருவியாவதைக் காட்டிலும் மதிப்பின் அடையாளமாகவே பொருந்தியது.

செஞ்சியில் நிலை வேறு. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்குராசனைப் பற்றிய கதைப்பாடல், எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரையை அவன் வசப்படுத்திய நிகழ்ச்சியைக் கொண்டாடுகிறது. காரிக்கும் ஓரிக்கும் பின்னர், ஏறியவனோடு இணைத்து மக்கள் நினைவில் வைத்த குதிரைப் பெயர்களுள் இது குறிப்பிடத்தக்கது. அரசர் விலைக் கணக்கு எழுதிய நாட்டில் நாட்டுப்புறப் பாடகர்கள் குதிரையின் பெயரைக் காத்தனர்.

1803இல் நிலையான வரித்திட்டத்தால் பாளையங்கள் சமீன்களாயின. படை வைக்கும் உரிமை போயிற்று. குதிரை ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் உரியதாயிற்று. 1824இல் கும்பினியார் ஒசூரில் படைக்குதிரைகளுக்கெனப் பண்ணை அமைத்தனர். 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மார்க்கோ போலோ இல்லையென்று குறைப்பட்ட குதிரை மருத்துவர், அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் முறையான கல்வி பெற்று இந்நாட்டில் உருவாகலானார்.

இதற்கிடையே குதிரை அரண்மனையிலிருந்து தெருவுக்கு வந்தது. இரயில் நிலையத்து வாயிலில் நின்ற ஜட்கா வண்டியின் குதிரைக்குக் குலமும் இல்லை, சுழியும் இல்லை. ஆனால் வண்டிக்காரன் தன் பிழைப்புக்காகவேனும் அதன் நடையையும் மூச்சையும் தீனியையும் நாள்தோறும் கவனிக்க வேண்டியிருந்தது. ஊறவைத்த கொள்ளும் அறுத்த புல்லும் லாடம் கட்டும் நாளும் அவன் வீட்டுக் கணக்கில் இருந்தன. கொடுமையும் இருந்தது. மெலிந்த குதிரைமேல் சாட்டை வீசிய காட்சிகள் அக்காலத்து நகரங்களில் அரியவை அல்ல. 1890இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்ததும், 1960இல் அது புதிய சட்டமாக விரிவுற்றதும் இக்காட்சிகளை எண்ணியே. ஆட்டோ ரிக்சாவும் பேருந்தும் பெருகிய பின் ஜட்கா மறைந்தது. அதனோடு குதிரையை அருகிருந்து அறிந்த கடைசிப் பெருந்தொகுதி மனிதரும் வேறு தொழிலுக்குப் போயினர்.

மண்ணில் எழும் புரவி

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் நடைபெறும் புரவி எடுப்பு விழா இவ்வரலாற்றின் மற்றொரு பக்கம். ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுக்க, வேளார் அம்மண்ணால் குதிரை வனைந்து சூளையில் சுடுகிறார். வண்ணம் தீட்டி, மணியும் சேணமும் அணிந்த வடிவில் அமைத்துக் கண் திறக்கிறார். ஊர் அதைத் தோளில் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டு செல்கிறது. உலகெங்கும் குதிரை மனிதனைச் சுமக்கிறது. இங்கே மனிதர் குதிரையைச் சுமக்கின்றனர். கடல்வழி வந்த குதிரை இம்மண்ணில் நிலைத்து வாழவில்லை. மண்ணே குதிரையாகி நின்றுவிட்டது. இக்குதிரைக்கு நெய்த்தீனி ஊட்டி நோய் வருவிக்க எவராலும் இயலாது.

உயிருள்ள குதிரைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆடித் திங்களில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் விழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வார் இனக் குதிரைகள் வருகின்றன. கடற்கரையிலும் கோடை வாழிடங்களிலும் சவாரிக் குதிரைகள் நிற்கின்றன. திருமண ஊர்வலத்தில் ஒலிபெருக்கிக்கும் வெடிக்கும் நடுவே அலங்கரித்த குதிரை நடக்கிறது. வண்டு அஞ்சும் என்று தேர்மணியின் நாவைக் கட்டிய தலைவனைப் பாடிய மொழியில், அவ்வூர்வலத்துக் குதிரையின் செவியை யாரேனும் பார்த்தார்களா என்று கேட்பது பொருந்தும்.

விலங்கு நலம் பற்றி இன்று உலகு ஒப்பும் அடிப்படைகள் ஐந்து. பசி தாகம் இன்மை, இருப்பிடத் துன்பம் இன்மை, வலியும் நோயும் இன்மை, அச்சம் இன்மை, தன்னியல்போடு வாழும் உரிமை என்பன அவை. 1979இல் இங்கிலாந்தின் பண்ணை விலங்கு நல அவை இவற்றை வகுத்துரைத்தது. இவ்வைந்தையும் குதிரையோடு பொருத்தினால் செய்யத்தக்கவை எளியன. புல் முதன்மை, தானியம் துணை. நாள்தோறும் நடை. உடன் ஒரு குதிரையேனும் துணைக்கு. புரள ஒரு துண்டு மணல். காலந்தவறாமல் குளம்புப் பார்வை. ஓங்காத குரல். இவற்றுள் எதுவும் 220 தினார் விலை பெறுவதன்று. பொன்னைக் கொட்டிய பாண்டியரின் லாயத்தில் குறைவுபட்டவை இவைதாம்.

புலவரின் கண்ணையும் குதிரைக்காரரின் கண்ணையும் இருவேறு உலகத்தவை என்று கருதுவது வழக்கம். நப்பூதனாரின் பாசறைக் காட்சி அவ்வழக்கை மறுக்கிறது. இருவரும் செய்வது ஒன்றே: பேசாத ஓர் உயிரின் சிறு குறியைக் கண்டு, அதைத் தன் விருப்பத்துக்கு ஏற்பத் திரிக்காமல் உணர்தல். தன் நலத்தைக் குதிரையின் மேனியில் தேடியவர் சுழியைக் கண்டனர். குதிரையின் நலத்தைத் தேடியவர் செவியைக் கண்டனர். ஆயிரக்கணக்கில் வந்திறங்கி, பெயரும் எண்ணும் இன்றி மாண்டுபோன குதிரைகளுக்குத் தமிழில் ஒரு நினைவுக்கல் உண்டென்றால், அது அரசன் நட்டதன்று. செவி சாய்த்து உண்ணாமல் நின்ற குதிரையைப் பற்றி அந்தப் புலவர் பாடிய ஓரிரு அடிகளே அது.